இருபத்தோராவது சொல்

கிளெமென்ற், ஸாலிஹ் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது பதினேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை வந்தது இன்னொரு கணக்கில். வெள்ளவத்தை வீட்டு மேல் அறையில் அவனுக்குப் படிக்கக் கொடுத்தது இருபது சொல்; அவன் திருப்பிச் சொன்னது இருபத்தொன்று.

கடன், பெண்சாதி கொன்ஸ்ரன்ஸின் வயிற்றுக் கட்டியை வெட்டி எடுக்க வாங்கியது. ஸாலிஹ் முதலாளி வட்டி வாங்க மாட்டார், அது அவருக்கு ஹராம். வட்டிக்குப் பதிலாக ஏசுவார். கொட்டாஞ்சேனையில் அவருடைய கருவாட்டுக் கடையைத் தாண்டிப் போகிறபோதெல்லாம், சனம் நிற்கிறதா என்றும் பாராமல், "ஆ, வாராரு பாருங்க பதினேழாயிரத்து நானூத்தம்பது!" என்று சத்தம் வைப்பார். பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் விட்டுக் கனகாலம்.

கிளெமென்ற்றின் கைவண்டியை ஈடாகப் பிடித்து, கடைக்குப் பின்னால் சங்கிலி போட்டு வைத்திருந்தார். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனைக் கொழும்பில் நாட்டாமை என்பார்கள். வண்டி இருக்கிற நாட்டாமை மனுசன். வண்டி இல்லாதவன் வெறும் முதுகு. அவனுடைய முதுகு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு வந்து படுத்தால், இடது கால் தன்னுடையதா வேறு யாருடையதோ என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

"மகள் கெம்பஸ்ல மனசப் பத்திப் படிக்கிறா," என்றார் ஸாலிஹ் முதலாளி ஒருநாள். "அவவுக்கு ஆள் வேணுமாம், சொல்லப் படிச்சித் திருப்பிச் சொல்ல. நாலு தரம். நாலும் முடிஞ்சா ஒங்கட கணக்கும் முடிஞ்சி, வண்டியயும் தள்ளிட்டுப் போங்க. ஒரு தரம் தப்பினாலும் முழுச் சல்லி. வண்டியும் எனக்கு."

"சொல்லுச் சொல்ல இவ்வளவு சல்லியா, முதலாளி?"

"நீங்க தரப்போறல்லண்டு எனக்குத் தெரியும். மகளுக்காவது ஒதவட்டும்."

அப்படித்தான் கிளெமென்ற் அந்த வீட்டுக்குப் போனான்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை. முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் கறுத்த பாறைகளில் அடித்துக்கொண்டிருக்கிற கடல். இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. நடுவில் இந்தப் பழைய மாடிவீடு மட்டும், இடிக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு, யன்னல்களைச் சாத்தியபடி நின்றது. முதலாளி அதை எப்போதோ மலிவாக வாங்கிப்போட்டவர். வாடகைக்கு வந்தவர்கள் நிலைக்கவில்லை. அதற்கு முதல் இருந்த குடும்பத்தைப் பற்றிக் கிளெமென்ற் கேட்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கைமாறிய வீடுகளைப் பற்றி வெள்ளவத்தையில் யாரும் அதிகம் கேட்பதில்லை.

மேல் அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை. பூட்டிக் கிடந்த காற்றும் உப்பும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மணம் முதலில் வந்தது. அதற்கு அடியில், மூக்கு பழகப் பழக, விளக்கு அணைந்த குசினியில் நிற்கிற மாதிரி வேறொரு மணம் மெல்ல மேலே வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் முகட்டின் ஒரு மூலையில் வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பு, சேலைக்குள்ளால் தெரிகிற காயம் போல, மங்கலாகத் தெரிந்தது. ரயில் போனபோது யன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடத்தன. ரயில் போன பிறகும் ஒரு கண்ணாடி மட்டும், யாரோ விரலால் தட்டுவது போல, தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

பஹ்மியா நல்ல பிள்ளை. தகப்பனுடைய வாய் அவளுக்கு இல்லை.

"ஒரு எடத்துல படிச்சத்த, அதே எடத்துல ஈக்கிற நேரம் நல்லா ஞாபகம் வருமாம் அங்கிள். வேற எடத்துக்குப் போனா கொறயுமாம். அது மெய்யாண்டுதான் பாக்கப் போறன்."

"குசினிக்கு என்னத்துக்கு வந்தனான் எண்டு மறந்துபோய், திரும்ப விறாந்தைக்குப் போனா ஞாபகம் வாற மாதிரியோ மகள்?"

"அதேதான்!" என்று சிரித்தாள்.

அட்டைகளில் பெரிய எழுத்தில் சொற்கள். தேங்காய், குடை, சாவி, கடிதம் என்று ஒவ்வொன்றாய்க் காட்டினாள். கிளெமென்ற் எழுத்துப் படித்தது நாற்பத்தைந்து வயதில். எழுத்தெழுத்தாய்த்தான் சொல்லுக்குள் போவான். அவள் பொறுமையாய் இருந்தாள். பிறகு அவனைத் தனியே விட்டுவிட்டுக் கீழே போனாள். திரும்பி வந்து சின்ன ரெக்கோடரை மேசையில் வைத்து, சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். தண்ணீர் போல வந்தது.

"அல்லாஹ், இருபத்தொண்டு! அங்கிள், நீங்க ஒண்டு மேலதிகமாத் தந்தீக்கிறீங்க."

"எது?"

"வாளி. என்ட அட்டயில வாளி இல்லயே."

இருந்தது என்று அவன் சத்தியம் செய்திருப்பான். அவனுக்கு வாளி ஞாபகம் வந்தது எழுத்தாக அல்ல, சாமானாக. தகர வாளி. கைபிடியில் சுற்றிய துணி. எழும்பும்போதுதான் யன்னலுக்குக் கீழே சீமெந்து நிலத்தில் ஒரு வட்டம் கண்டான். ஈரமான, நிறைந்த வாளியைத் தூக்கி எடுத்த இடம் போன்ற வட்டம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்தான். மழை பெய்து கன நாள்.

வீட்டில் கொன்ஸ்ரன்ஸ் சிரித்தாள்.

"அது நான் சொல்லித் தந்ததெல்லோ. பானா எண்டா என்ன? மூடியில்லாத வாளி. இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர், கீழே அடி. அதுதான் உங்கட மண்டைக்குள்ள கிடக்குது."

அவனுக்கு மூச்சு வந்தது. ஓம், அதுதான். அவன் எழுத்துப் படித்த காலத்தில் அவனை அதிகம் அலைக்கழித்தது அந்தப் பானாதான். பள்ளிக்கும் அதே எழுத்து, பஸ்ஸுக்கும் அதே எழுத்து. ஒன்றில் உதடு பிரிந்து வெறும் காற்று. மற்றதில் தொண்டையிலிருந்து குரலும் சேர்ந்து வரும். எது எங்கே என்று எழுத்தைப் பார்த்து எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சொல்லு முதலே தெரிஞ்சிருக்க வேணும்," என்றாள். பிறந்ததிலிருந்து கொழும்பில் இருக்கிறவன், எழுத்துப் படித்த புதிதில், பஸ் பலகையில் பம்பலப்பிட்டியைக் கூட்டிக்கூட்டி வாசித்து முதல் பானாவைப் பள்ளிப் பானாவாகச் சொல்ல, கொண்டக்டர் பெடியன், "அய்யே, நேற்றா கப்பல்ல வந்து இறங்கினது?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான்.

ஆனால் வாளி என்றால் அவனுக்கு இன்னொன்றும் இருந்தது. எண்பத்து மூன்று ஆடியில், கொட்டாஞ்சேனைச் சந்தியில், தடி பொல்லோடு தமிழரைத் தேடி நின்றவர்கள் அவனை மறித்து ஒரு வாளியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். மேக மொகத்த? இது என்ன? சிங்களத்தில் அதற்குப் பேர் பால்திய. பஸ்ஸுக்குச் சொல்கிற பானாவால் தொடங்க வேண்டும். தமிழ் நாக்கு பயத்தில் அதை வால்திய என்று சொல்லும். அல்லது பள்ளிக்கூடத்துப் பானாவால் சொல்லும். அவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு சத்தத்தைத்தான். துறைமுகத்துச் சிங்களத்தில் வளர்ந்தவன், யோசிக்காமல் சொன்னான். விட்டுவிட்டார்கள்.

"அப்ப உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அதால தப்பினீங்கள்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ், விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டு. "தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பீங்கள்."

இரண்டாம் தரம் வெள்ளவத்தையில் படிக்க வைத்து, ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிவந்து, முதலாளியின் கருவாட்டு ஸ்டோரில் சொல்லச் சொன்னாள் பஹ்மியா. ஒன்பது சொல்தான் வந்தது. வாளி வரவில்லை. அவள் துள்ளினாள், புத்தகத்தில் சொன்னபடியே நடக்கிறதாம். கிளெமென்ற்றுக்கும் சந்தோஷம். ஆனால் அந்த அறையை விட்டு இறங்கும்போது அவன் நிலத்தைப் பார்த்திருந்தான். யன்னலுக்குக் கீழே நிலம் காய்ந்திருந்தது. ஈர வட்டம் அறையின் நடுவில் இருந்தது.

மீன் சந்தையில் மர்ஸூக்கைக் கண்டான். அவனும் முதலாளிக்குக் கடன்காரன். எண்பத்தாறில் பிறந்த இளந்தாரி. அவனும் அந்த அறைக்குப் போய்வந்தவன்.

"நான் இனிப் போகல்ல அண்ண. முதலாளி ஏசினா ஏசட்டும்."

"என்னடா, தேங்காய் குடை எண்டு சொல்றதுக்கும் பயமோ?"

"ஒங்களுக்கும் வாளி வந்ததா?"

கிளெமென்ற் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தான்.

"வந்தாப் பரவால்ல," என்றான் மர்ஸூக். "கேக்கிறாங்க அண்ண. இது என்னண்டு. ஒரு ஆள் இல்ல, கன பேர் மூச்சு வுடுற மாதிரி ஈக்கி. நான் சொன்னன். ஒடனே வுட்டுட்டாங்க." அவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "நீங்களும் சொல்லிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான்."

மூன்றாம் தரம் கருவாட்டு ஸ்டோரில் படிப்பு. வெள்ளவத்தையில் சொல்ல வேண்டும். பின்னேரம், வெயில் இருக்கும்போதே மேலே ஏறினார்கள். படி ஏற ஏறக் கருவாட்டு மணம் சட்டையிலிருந்து கழன்று கீழேயே நின்றுவிட்டது போல் இருந்தது. அறைக்குள் இப்போது ஒரு மணம்தான். மண்ணெண்ணெய். ஈர வட்டம் கதிரைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. பஹ்மியா அதைத் தாண்டிப் போய் ரெக்கோடரை வைத்தாள். அவளுக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் பேசவில்லையா?

அவன் சொன்னான். செருப்பு, சீப்பு, மணி, பாய். நன்றாகவே சொன்னதாக நினைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வெள்ளை வெளேர் என்று இருந்தாள். ரெக்கோடரைத் திரும்பப் போட்டாள்.

அவனுடைய குரல். வாளி என்றது. பிறகு மௌனம். வாளி. மௌனம். வாளி. செருப்பும் இல்லை, சீப்பும் இல்லை. ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் ஒரு இடைவெளி. எதிரில் ஒருவர் கேள்வி கேட்டு முடிக்கிற அளவு இடைவெளி. போகப்போக அவனுடைய குரல் அடி வாங்கினவனுடைய குரல் போல மெலிந்தது.

"அங்கிள், வாப்பாட்டச் சொல்லி இத நிப்பாட்டவா?"

நிப்பாட்டு என்று சொல்ல வாய் எடுத்தான். சங்கிலி போட்ட வண்டி கண்ணுக்குள் வந்தது. நாளைக் காலை ஐஸ் பெட்டி வந்தது. "முதலாளி விடமாட்டார் மகள். ஒண்டுதானே மிச்சம்."

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் அவர்களுக்குத் தமிழிலே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் பழகினான். கொட்டாஞ்சேனைக் குழாயடியில், தெருவில், படுக்கையில். பால்திய. பால்திய. சரியோ என்று கொன்ஸ்ரன்ஸைக் கேட்டான்.

"சரி. நூறு தரம் சரி. விசரா உங்களுக்கு?"

சரிதான். ஆனால் முன்பு வெறும் சத்தமாக இருந்த சொல்லுக்கு இப்போது உடம்பு வந்துவிட்டது. சொல்லத் தொடங்கும்போதே எழுத்து முன்னால் வந்து நின்றது. இரண்டு சுவர், ஒரு அடி, மேலே திறந்த வாய். எழுத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னான். தள்ளத் தள்ள அது பெரிதாகியது.

கடைசித் தரம், முதல் தரம் போலவே, படிப்பும் சொல்வதும் வெள்ளவத்தையில். வானம் மப்புப் போட்டு நேரத்தோடு இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி அட்டையைக் காட்டி முடிக்கவும் கரண்ட் போனது. ஒழுங்கை முழுக்க, தொடர்மாடிகள் முழுக்க, ஒரே அடியாய்.

"மெழுகுதிரி கொண்டாரன் அங்கிள். வாப்பாவும் கீழ வந்தீக்கிறாரு, கணக்கு முடிக்க. எழும்பாதீங்க."

அவளுடைய செருப்புச் சத்தம் படிகளில் இறங்கியது. கீழே முதலாளியின் குரல், "எத்தின நேரம் இழுக்கிறீங்க, பூட்டிட்டுப் போகத் தேவல்லயா?" என்று யாரையோ ஏசியது. அந்தக் குரலைக் கேட்டு கிளெமென்ற்றுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறுதலாக இருந்தது. ஏசட்டும். இன்னும் கொஞ்சம் ஏசட்டும். கடல் அடிக்கிற சத்தம் சுவர் வழியாக வந்தது. அதோடு சேர்ந்து, அலைக்கும் அலைக்கும் நடுவில், இன்னொன்று. பல பேர் ஒரு சின்ன இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்று மூச்சு விடுகிற சத்தம். கள்ளு மணம். வியர்வை. எரிந்த ரயர். ரயில் வந்தது. கண்ணாடிகள் கடகடத்தன. ரயில் போனது. ஒரு கண்ணாடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதுவும் நின்றது.

கீழே முதலாளியின் குரலும் நின்றது.

காலை அசைத்தான். இடது கால் ஈரத்தில் பட்டது. வட்டம் அவனுடைய காலடிக்கு வந்துவிட்டது.

தகரம் நிலத்தில் உரசியது. தூக்குகிற சத்தம். உள்ளே நிறைந்தது தளும்புகிற சத்தம். முகத்துக்கு நேரே குளிர். இருட்டுக்குள் இன்னும் இருட்டாய் ஒன்று.

"மேக மொகத்த?"

மரியாதையாகக்கூடக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பது போல.

தெரியும். அவனுக்குத் தெரியும். சொன்னால் விடுவார்கள். மர்ஸூக்கை விட்டார்கள். சந்தியில் அவனையும் விட்டார்கள். குழாயடியில் சொன்னது. படுக்கையில் சொன்னது. நூறு தரம் சரி.

வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் படித்தது. எல்லாம் கொட்டாஞ்சேனையில் படித்தது. வேறு இடத்துக்குப் போனால் குறையும் என்றாளே அந்தப் பிள்ளை. குழாயடியில் வைத்தது குழாயடியிலேயே இருந்தது. சந்தியில் வைத்தது சந்தியில். இந்த அறையில் இருந்தது இந்த அறையினுடையது மட்டும். முன்பு இங்கே, இந்த இடத்தில், இந்தக் கேள்விக்கு யாரோ சொன்ன பதில். அது நாக்கடியில் ஊறி வந்தது. அது பிழையான பதில்.

"கியபங்!"

சொல்லடா. இப்போது மரியாதை இல்லை.

அவன் சொல்லைத் தேடினான். எழுத்து வந்தது. கொன்ஸ்ரன்ஸ் பென்சிலால் எழுதிக் காட்டிய பெரிய பானா. இரண்டு சுவர். ஒரு அடி. மூடி இல்லை. பள்ளிக்கும் அதுதான். பஸ்ஸுக்கும் அதுதான். எது? எந்தப் பானா? எழுத்து வாய் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்றும் சொல்லவில்லை.

யோசித்தான்.

உதடுகள் ஒட்டின. பிரிந்தன.

காற்று வந்தது. குரல் வரவில்லை.

அறைக்குள் அத்தனை மூச்சும் நின்றது. பிறகு, மிக அருகில், ஒருவன் மூக்கால் மெல்லச் சிரித்தான்.

தலையில் குளிர்ந்தது. நெற்றி, கண், கழுத்து, சட்டை. கண் எரிந்தது. நாக்கில் மண்ணெண்ணெய்.

"கிளெமென்ட்!" கீழே, வெகு தூரத்தில், முதலாளி கூப்பிட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு பேர் சொல்லி. "எறங்கி வாங்க. எல்லாம் வெட்டிட்டன். ஒங்கட கணக்கு முடிஞ்சி!"

அவனுடைய காதுக்குப் பக்கத்தில், ஒரு தீப்பெட்டி குலுங்கியது.